ஜீப்புக்கு அக்சல் மாத்தப் போறீங்களா? என்னட்ட திரும்பத் திரும்பக் கேக்கிற கேள்விகள்

மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் வயலும் காணியும் வெச்சிருக்கிறவங்க ஒரு கூட்டம், லீவு நாளில குடும்பிமலைப் பக்கமோ பாணமைப் பக்கமோ சும்மா ஓடப் போற பெடியன்கள் இன்னொரு கூட்டம், ரெண்டு கூட்டமும் என்னட்டக் கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். 2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டினாங்க, திரும்பத் திறக்க 2025 பெப்ரவரி ஆகிட்டு, அதுக்குள்ள ஊரில கிடந்த பழைய லேண்ட் ரோவர், மிட்சுபிஷி ஜீப் எல்லாத்தையும் ஆக்கள் தூசி தட்டி எடுத்திட்டாங்க, அதோட இந்தக் கேள்விகளும் கூடிப்போச்சு. ஃபோன்ல சொல்லிச் சொல்லித் தொண்டை வத்தினதால எழுதி வெச்சிட்டன். நான் மெக்கானிக் இல்ல. என்ட சீரிஸ் 3 லேண்ட் ரோவர நானே கழட்டிப் பூட்டி விரலையும் வெட்டிக்கொண்ட ஆள், அவ்வளவுதான்.

அக்சல் எண்டா அந்த நீட்டுக் கம்பிதானே அண்ணா, அதுக்கு ஏன் இவ்வளவு கதை?

ரெண்டுக்கும் ஒரே பேரச் சொல்லுறதாலதான் குழப்பம். முழு அக்சல் எண்டா வெளியில தெரியிற அந்த இரும்புக் கூடு, அதுக்குள்ள கிரவுன் பினியன் (எஞ்சின் சுத்த சில்லுப் பக்கம் திருப்பி விடுற பல்லுச் சோடி), டிஃபரன்சல் (வளைவில ரெண்டு சில்லையும் வேற வேற வேகத்தில சுத்த விடுறது, சுருக்கமா டிஃப்), ரெண்டு பக்கமும் சில்லுக்குப் போற ஷாஃப்ட், முடிவில ஹப்பும் பெயரிங்கும், எல்லாம் சேத்துத்தான். நீங்க சொல்லுற நீட்டுக் கம்பி அதில ஒரு துண்டு, அதுக்குப் பேர் ஹாஃப் ஷாஃப்ட். "அக்சல் உடைஞ்சிட்டு" எண்டு யாரும் வந்து சொன்னா அநேகமா உடைஞ்சது அந்த ஷாஃப்ட்தான். கொழும்பில பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தைக்கு கோல் எடுத்து "அக்சல் இருக்கா" எண்டு மொட்டையாக் கேட்டா அவங்க முழுசுக்கு விலை சொல்லுவாங்க, நீங்க தலை சுத்தி விழுவீங்க. எது வேணுமெண்டு பேரச் சொல்லிக் கேளுங்க.

முன்னுக்கு சொலிட் அக்சல் நல்லமா, சில்லு தனித்தனியா ஆடுறது நல்லமா?

ரோட்டில ஓட தனித்தனியா ஆடுறது சொகுசு. குண்டு குழிக்குள்ள, வரம்பு ஏறி இறங்க, சொலிட்தான் (ரெண்டு சில்லையும் ஒரே கூடு பிடிச்சிருக்கிறது) தாங்கும். சொலிட் அக்சல்ல ஒரு சில்லு மேல போனா மத்தச் சில்லு கீழ அமரும், பிடி விடாது, ஷாஃப்ட்டும் கூட்டுக்குள்ள பத்திரமா இருக்கும். மற்றதில ரெண்டு பக்கமும் ரப்பர் பூட்ஸ் போட்ட ஜொயின்ட் வெளியில தொங்கும், ஒரு முள்ளுக் கம்பு குத்தினாக் காணும்.

குனிஞ்சு பாத்தாலே தெரியும். சீரிஸ், பழைய டிஃபெண்டர், மிட்சுபிஷி பழைய ஜீப், சுசுகி ஜிம்னி, நிசான் பட்ரோல் ஒய்60, லேண்ட் குரூசர் 70, 80 எல்லாம் முன்னுக்கும் சொலிட். இப்ப ஓடுற ஹைலக்ஸ், எல்200 மாதிரி பிக்கப்புகளுக்கு பின்னுக்கு மட்டும்தான் சொலிட். அந்தப் பிக்கப்புக்கு முன்னுக்கு சொலிட் வெட்டி ஒட்டுறது பெரிய வேல, அந்தக் காசுக்கு ஏற்கெனவே சொலிட் இருக்கிற ஒண்ட வாங்கிடலாம் எண்டுதான் நான் சொல்லுவன்.

அப்ப என்ட ஜீப்புக்கு எந்த அக்சல் போட்டா நல்லம்?

இந்தக் கேள்விக்கு நான் எப்பவும் திருப்பிக் கேக்கிறது ஒண்டுதான், என்ன டயர் போடப் போறீங்க? ஆக்கள் முதல்ல அக்சல வாங்கிட்டு மறுகா டயர் தேடுறாங்க, அது செருப்ப வாங்கிட்டுக் கால வெட்டுற கத. டயர் எவ்வளவு பெருசு, ஜீப் எவ்வளவு பாரம், எங்க ஓடுறீங்க, இந்த மூண்டும் தெரிஞ்சாத்தான் அக்சலப் பத்திக் கதைக்கலாம்.

கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் கிரவல் ரோட்டில போய் வட்டைக்குள்ள இறங்கி நெல்லு மூட்டை ஏத்திட்டு வாற வேலை எண்டா கம்பனி டயர் அளவும் கம்பனி அக்சலும் காணும், சீலும் பெயரிங்கும் மட்டும் புதுசாப் போடுங்க. பாணமைக் கடக்கரை மணல்ல புதையுது எண்டு அக்சல் மாத்த வந்தவரும் இருக்கார், அவருக்கு டயர் காத்த 18 பிஎஸ்ஐக்கு இறக்கச் சொன்னன், பிரச்சினை முடிஞ்சுது (தார் ரோட்டுக்கு ஏற முதல் திரும்ப அடிக்கோணும், மறந்திடாதீங்க). கல்லு ஏறுறது, 33 இஞ்சி டயர், வின்ச், முன்னுக்கு இரும்பு பம்பர், இப்பிடிப் போறவங்களுக்குத்தான் கீழ இருக்கிற மிச்சக் கதை எல்லாம்.

33 இஞ்சி டயர் போட்டா ஷாஃப்ட் உடையுமா?

டயர் மட்டும் உடைக்காது, டயரும் உங்கட வலது காலும் சேந்து உடைக்கும். கணக்கப் பாருங்க. எஞ்சின் 200 நியூட்டன் மீட்டர் தருது எண்டு வைங்க, முதல் கியர் 4, லோ ரேஞ்ச் (மெதுவா, பலமா இழுக்கிற கியர்) 2.3, டிஃப் 4.1. பெருக்கினா 37.7 மடங்கு, அதாவது 7,500 நியூட்டன் மீட்டருக்கு மேல அக்சலுக்கு வருது. சேத்துக்குள்ள இது வெளியில தெரியாது, ஏனெண்டா சில்லு சும்மா சுத்திடும். அப்பிடிச் சுத்திக்கொண்டு இருக்கிற சில்லு திடீரெண்டு ஒரு மர வேரிலயோ கல்லிலயோ பிடிச்சா அந்த ஒரு செக்கனிலதான் ஷாஃப்ட் போகும். பெரிய டயர் எண்டா பாரமும் கூட, பிடியும் கூட, அந்த அடியும் கூட.

ஷாஃப்ட்ட பலம் அதுட தடிப்பிலதான் இருக்கு, அதுவும் நேர்க்கணக்கு இல்ல. தடிப்பு 10 வீதம் கூடினா தாங்குற முறுக்கு 33 வீதம் கூடும். கையில ரெண்டு ஷாஃப்ட்ட வெச்சுப் பாத்தா வித்தியாசமே தெரியாது, ஆனா ஒண்டு உடையும் மற்றது உடையாது. பழைய லேண்ட் ரோவர் ஷாஃப்ட் 10 ஸ்ப்லைன் (ஷாஃப்ட் நுனியில நீளவாக்கில வெட்டின பல்லு), அதுதான் அதுட பலவீனம் எண்டு உலகத்துக்கே தெரியும், பிந்தின டிஃபெண்டர்கள்ல 24 ஸ்ப்லைனா மாத்தினாங்க.

லிஃப்ட் கிட் போட்டா அக்சலும் உயரும்தானே?

உயராது. ஸ்பிரிங்குக்கு மேல இருக்கிற பொடிதான் உயரும், டிஃபரன்சல் உருண்டை அதே இடத்திலதான் கிடக்கும், வரம்பில முட்டுறது அந்த உருண்டைதான். அத உயர்த்த டயர் ஒண்டுதான் வழி, 29 இஞ்சில இருந்து 33க்குப் போனா உருண்டை 2 இஞ்சி உயரும், பாதிக் கணக்கு. யூனிமொக் மாதிரி சில்லுக்குப் பக்கத்தில கியர் வெச்சு அக்சல மேல தூக்கின போர்ட்டல் எண்டும் ஒரு சாமான் இருக்கு, விலையக் கேட்டா நெஞ்சு அடைக்கும்.

என்ட டிஃப் ரேஷியோ என்ன எண்டு கழட்டாமப் பாக்க ஏலுமா?

ஏலும், ஒரு சோக்குத் துண்டு காணும். ரேஷியோ எண்டா சில்லு ஒரு சுத்துச் சுத்த ப்ரொப்பலர் ஷாஃப்ட் (கியர் பெட்டியில இருந்து அக்சலுக்கு வாற நீட்டுக் குழாய்) எத்தின சுத்து எண்டுறதுதான். சமதரையில நிப்பாட்டி முன் சில்லுக்குக் கல்லு வைங்க. பின்பக்கம் ஒரு சில்ல மட்டும் ஜக் அடிச்சுத் தூக்குங்க, ஸ்டாண்டும் வைங்க, ஜக்க மட்டும் நம்பி ஒருநாளும் கீழ போக வேணாம். கியர நியூட்ரல்ல விட்டு ஹேண்ட் பிரேக்க எடுங்க. தூக்கின டயரில ஒரு கோடு, ப்ரொப்பலர் ஷாஃப்ட்ல ஒரு கோடு. சில்ல கையால சரியா ரெண்டு சுத்துச் சுத்துங்க, ஒருத்தர் கீழ இருந்து ப்ரொப்பலர் ஷாஃப்ட் எத்தின சுத்து எண்டு எண்ணட்டும். 4 சுத்தும் கொஞ்சமும் எண்டா 4.1, அஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு எண்டா 4.7 மாதிரி.

ஏன் ரெண்டு சுத்து எண்டா மத்தச் சில்லு நிலத்தில நிக்கிறதால டிஃபரன்சல் பாதியத் தின்னும். இது தெரியாம ஒரு சுத்துச் சுத்தி "அண்ணா என்ட ரேஷியோ 2" எண்டு கோல் எடுத்தவங்களும் இருக்காங்க. முன் அக்சலுக்கும் இதே மாதிரிச் செய்யுங்க, ஃப்ரீ வீல் ஹப் (முன் சில்ல ஷாஃப்ட்டோட சேக்கவும் விடவும் திருப்புற மூடி) இருந்தா லொக்கில போட்டுட்டு.

டயர் பெருசாக்கினா ரேஷியோவும் மாத்தோணுமா? எவ்வளவுக்கு?

புது டயர பழைய டயரால பிரிச்சு வாற இலக்கத்த பழைய ரேஷியோவால பெருக்குங்க. 33ஐ 29ஆல பிரிச்சா 1.138, அத 4.1ஆல பெருக்கினா 4.67. அந்த இலக்கத்தில கிரவுன் பினியன் கிடைக்காது, டொயோட்டாவுக்கு எண்டா 4.56 அல்லது 4.88. பாரம் இழுக்கிறவங்க 4.88க்குப் போங்க, கொழும்புக்கு அடிக்கடி போறவங்க 4.56. மாத்தாம விட்டா வாகனம் சோம்பேறியாகும், கிளச்சத் தின்னும், மீட்டர் 60 காட்டக்குள்ள உண்மையில 68ல போவீங்க. இன்னொண்டு, ரேஷியோ இலக்கம் கூடக் கூட பினியன் சின்னதாகும், அதால கூடினதுதான் பலம் எண்டு நினைக்க வேணாம்.

முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டு இருந்தா என்ன, கொஞ்சம்தானே வித்தியாசம்?

இதுக்கு என்ட சொந்தக் கதை. பின் டிஃப் பல்லுப் போய் கொழும்பில ஒரு கடையில பழசு ஒண்டு வாங்கினன், சீரிஸ் சாமான், 4.7தான் எண்டு சத்தியம் பண்ணித் தந்தாங்க, நானும் எண்ணிப் பாக்கல. பூட்டி ஓடினா சரியான சந்தோசம், எஞ்சின் சத்தம் குறைஞ்சிட்டு, மீட்டர் 50 காட்டுது ஆனா பஸ்ஸ ஓவர்டேக் பண்ணுறன்! அப்பவாவது மூளை வேல செய்திருக்கோணும். அது முந்தின டிஃபெண்டர்ல வாற 3.54, அதே கூட்டுக்குள்ள அச்சொட்டா இறங்கும்.

ரெண்டு கிழமை கழிச்சு வவுணதீவு தாண்டி ஒரு வயலுக்குள்ள மஞ்சள் குமிழ அமத்தி ஃபோர் வீல் போட்டன். சேத்துக்குள்ள ஏதோ உறுமுது, கிரவலுக்கு ஏறினதும் ஜீப் குதிரை மாதிரி உதறி, ரெண்டு பாகம் தூரம் போகேல்ல, பின்னுக்கு "டொக்" எண்டு ஒரு சத்தம். முன்சில்லும் பின்சில்லும் ஒண்ட ஒண்டு இழுத்துச் சண்டை பிடிச்சு பலவீனமான ஷாஃப்ட் செத்துப்போச்சு. 4.10ம் 4.11ம் எண்டா பிரச்சினை இல்ல. அதுக்கு மேல வித்தியாசம் இருந்தா ஃபோர் வீல தொடவே வேணாம். வாங்கின உடன பூட்ட முதல் பினியனச் சுத்தி எண்ணுங்க, கடைக்கு முன்னுக்கே எண்ணுங்க.

செமி ஃப்ளோட், ஃபுல் ஃப்ளோட் எண்டுறாங்களே, அது என்ன?

செமி எண்டா ஷாஃப்ட்தான் சில்ல சுத்தவும் வைக்குது, ஜீப்புட பாரத்தையும் சுமக்குது. ஃபுல் எண்டா பாரத்த ஹப்பும் ரெண்டு பெயரிங்கும் சுமக்கும், ஷாஃப்ட்டுக்குச் சுத்துற வேல மட்டும்தான். சில்லுக்கு நடுவில வட்டமா பொல்ட் அடிச்ச மூடி துருத்திக்கொண்டு இருந்தா அநேகமா ஃபுல். செமியில ஷாஃப்ட் வெளிப்பக்கம் உடைஞ்சா சில்லு ஷாஃப்ட்டோட கழண்டு உங்களுக்கு முன்னால ஓடிப்போகும். நெல்லு ஏத்துறவங்க பின்னுக்கு ஃபுல் ஃப்ளோட்தான் தேடோணும், இதில எனக்கு வேற கருத்தே இல்ல.

ஷாஃப்ட் உடைஞ்சா வீட்ட வந்து சேரலாமா?

மேல சொன்ன ஃபுல் ஃப்ளோட் எண்டா வரலாம். நான் வந்தன். சில்லு கழட்டத் தேவையில்ல, ஹப்புட பொல்ட்டுகளக் கழட்டி உடைஞ்ச துண்ட வெளியில இழுத்து, உள்ளுக்கு நிக்கிற மத்தத் துண்டையும் எடுத்திட்டு (நான் கம்பியில வளையம் போட்டு எடுத்தன், ஒரு மணித்தியாலம் போச்சு), மூடிய திரும்பப் பூட்டி, ஃபோர் வீல் போட்டு முன்சில்லாலயே மெதுவா ஓடிட்டு வரலாம். டிஃபெண்டர் மாதிரி எந்த நேரமும் ஃபோர் வீல் எண்டா நடு டிஃப லொக் பண்ணோணும். செமியில உடைஞ்சா ஓட வேணாம், உழவு மெசின் ஒண்டக் கூப்பிட்டு ஏத்திக்கொண்டு வாங்க.

கனக்கப் பேருக்குத் தெரியாத ஒண்டு. பழைய லேண்ட் ரோவருக்கு ஹேண்ட் பிரேக் சில்லில இல்ல, ப்ரொப்பலர் ஷாஃப்ட் பக்கம் இருக்கு. பின் ஷாஃப்ட் உடைஞ்சா ஹேண்ட் பிரேக் இழுத்தும் ஜீப் உருளும், கியரில போட்டாலும் உருளும். இறங்க முதல் சில்லுக்குக் கல்லு.

உடைஞ்ச துண்ட எறிய வேணாம், முகத்தப் பாருங்க. முழுக்க புதுசா மினுங்கினா ஒரே அடியில போயிருக்கு. பாதி கறுத்துப் பாதி மினுங்கினா கன நாளா வெடிப்பு இருந்திருக்கு, அப்ப மத்தப் பக்க ஷாஃப்ட்டையும் கழட்டிப் பாக்கிறது நல்லம்.

பழைய அக்சல் ஒண்டு வாங்கப் போறன், என்னத்தப் பாக்கிற?

டேப் ஒண்டு கொண்டு போங்க. ஹப் முகத்தில இருந்து மத்த ஹப் முகம் மட்டும் அகலம் எவ்வளவு, ஸ்பிரிங் இருக்கிற இடம் எவ்வளவு இடைவெளி, இது ரெண்டும் உங்கட ஜீப்போட ஒத்து வரோணும். டிஃப் உருண்டை எந்தப் பக்கம் எண்டுறது இதவிட முக்கியம், முன்பக்க ப்ரொப்பலர் ஷாஃப்ட் வெளிய வாற பக்கம் உருண்டையும் இருக்கோணும். லேண்ட் ரோவரும் லேண்ட் குரூசரும் வலது பக்கம், பழைய சொலிட் ஹைலக்ஸ் இடது பக்கம். மாறி வாங்கினா ப்ரொப்பலர் ஷாஃப்ட் எஞ்சினுக்குக் குறுக்கால போகோணும், போகாது.

மறுகா ரிம் பொல்ட். பழைய லேண்ட் குரூசர், ஹைலக்ஸ், பழைய பட்ரோல் 6 பொல்ட், பொல்ட் வட்டம் 139.7 மில்லிமீட்டர். ஜிம்னி அதே 139.7, ஆனா 5 பொல்ட். பழைய லேண்ட் ரோவர் 5 பொல்ட் 165.1. பிறகு ஷாஃப்ட்ட வெளிய எடுக்கச் சொல்லி ஸ்ப்லைனப் பாருங்க, பல்லெல்லாம் நேராப் போகோணும், முறுக்குப் பிடிச்சு லேசா சரிஞ்சிருந்தா அது ஏற்கெனவே அரை உயிர். டொயோட்டா முன் அக்சல் எண்டா ஸ்டியரிங் திரும்புற உருண்டைக்குக் கீழ கறுப்புக் கூழ் வழிஞ்சிருக்கா எண்டு பாருங்க, உள் சீல் போய் டிஃப் ஒயிலும் கிரீஸும் கலந்திருக்கு. வாங்கலாம், ஆனா அதச் சொல்லி விலையக் குறைங்க.

உழவு மெசின்ல காலால மிதிக்கிற டிஃப் லொக் மாதிரி ஜீப்புக்கும் போட ஏலாதா?

ஏலும், அதேதான் லொக்கர். சாதாரண டிஃப் எப்பவும் லேசாச் சுத்துற பக்கத்துக்கே போகும், ஒரு சில்லு அந்தரத்தில எண்டா அது மட்டும் சுத்தும், மத்தது சும்மா பாத்துக்கொண்டு நிக்கும். லொக்கர் ரெண்டையும் ஒண்டாக் கட்டும். காத்தால வேல செய்யிறது (ஏஆர்பி கம்பனிட சாமான் மாதிரி) சுவிச்ச அமத்தினா மட்டும் கட்டும், நல்லது, விலை. தானாக் கட்டி தானா விடுறது மலிவு, பின்னுக்குப் பரவாயில்ல, முன்னுக்குப் போட்டா ஸ்டியரிங் மல்லுக்கட்டும். எல்எஸ்டி (ஒரு சில்லு மட்டும் சும்மா சுத்துறதக் கொஞ்சம் தடுக்கிற டிஃப்) எண்டுறது பாதி உதவி, சில்லு முழுசா அந்தரத்தில தூக்கினா அதால பெருசாப் பலனில்ல.

லொக்கர் போட்டா முழு முறுக்கும் பிடிக்கிற ஒரே ஷாஃப்ட்டுக்குப் போகலாம், ஆனபடியா 10 ஸ்ப்லைன் பழைய ஷாஃப்ட்டோட லொக்கர் போடுறது உடைக்கிறதுக்கே காசு குடுக்கிற மாதிரி. முதல் ஷாஃப்ட், மறுகா லொக்கர்.

வெல்டிங் அடிச்சே லொக் பண்ணுறாங்களே, அது மலிவுதானே?

மலிவுதான். சேத்துக்குள்ள மட்டும் ஓடுற, நம்பர் பிளேட் இல்லாத சாமானுக்கு அடிங்க. ரோட்டில வளைவுக்குள்ள உள்சில்லும் வெளிச்சில்லும் ஒரே வேகத்தில சுத்த ஏலா, டயர் தேஞ்சு ஷாஃப்ட் முறுகும். மழை பெஞ்ச தார் ரோட்டில பின்பக்கம் தன்ட பாட்டில போகும். முன் அக்சலுக்கு அடிக்கிறதப் பத்தி என்னட்டக் கேக்கவே வேணாம்.

உழவு மெசின்ட பின் அக்சலையே கழட்டிப் போட்டா உடையவே உடையாதே?

உடையாதுதான், ஓடவும் ஓடாது. அதுட ரேஷியோ வயலுக்குள்ள ஊருறதுக்குச் செய்தது, பாரமும் பயங்கரம், ஸ்பிரிங் வைக்க இடமும் இல்ல.

மாரி வெள்ளத்துக்குள்ள, களப்புக் கரையில இறக்கினா அக்சலுக்கு என்ன ஆகும்?

எங்கட பக்கம் உடையிற அக்சலவிட தண்ணி குடிச்சுச் சாகிற அக்சல்தான் கூட. 50, 60 கிலோமீட்டர் ஓடி வந்தா டிஃப் ஒயில் நல்ல சூடு, உள்ளுக்கு இருக்கிற காத்தும் சூடு. அப்பிடியே தண்ணிக்குள்ள இறக்கினா காத்து திடீரெண்டு குளிர்ந்து சுருங்கி, பொம்பு மாதிரி சீல் இடுக்கால தண்ணிய உறிஞ்சும். அக்சலுக்கு மேல சின்னதா ஒரு பிரீதர் (உள்காத்து போய் வாற துளை) இருக்கும், அதில சேறு அடைஞ்சிருந்தா இன்னும் மோசம். அதில ஒரு ஹோஸ் மாட்டி எஞ்சின் பெட்டிக்குள்ள உயரமா கொண்டுபோய்க் கட்டுங்க. மீன் தொட்டி டியூப் வேணாம், சூட்டுக்கும் ஒயிலுக்கும் இளகும், பெற்றோல் ஹோஸ் போடுங்க. இந்த முழுக் கேள்விபதில்லயும் ஆக மலிவான வேல இதுதான், முதல்ல செய்ய வேண்டியதும் இதுதான்.

தண்ணிக்குள்ள போக முதல் கொஞ்சம் நிப்பாட்டி ஆற விடுங்க. வந்த பிறகு அடுத்த நாள் காலம டிஃப்ட கீழ் நட்டக் கொஞ்சம் இளக்கிப் பாருங்க, தண்ணி பாரம் கூட எண்டதால அதுதான் முதல்ல சொட்டும். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில வந்தா யோசிக்க ஒண்டுமில்ல, முழுசா ஊத்திட்டு புதுசு விடுங்க, ஜிஎல்-5 80டபிள்யூ-90 அல்லது உங்கட வாகனப் புத்தகம் சொல்லுறது. களப்புத் தண்ணி உப்பு, அண்டைக்கே நல்ல தண்ணியால கழுவுங்க, டிரம் பிரேக்கையும் கழட்டிக் கழுவுங்க.

கிரவுன் பினியன் புதுசாப் போட்டன், 60 தாண்டினா ஊளை இடுது. பழகிடுமா?

பழகாது. பல்லோட பல்லு சேர வேண்டிய இடத்தில சேரல. ரெண்டுக்கும் நடுவில இடைவெளி பொதுவா 0.15 இல இருந்து 0.20 மில்லிமீட்டர், அத டயல் வெச்சுத்தான் பாக்கலாம், கையால ஆட்டிப் பாத்து "ஓகே" எண்டுற ஆளிட்டக் குடுக்க வேணாம். பல்லில மஞ்சள் பெயின்ட் பூசிச் சுத்தி, அடையாளம் பல்லுக்கு நடுவில விழுதா எண்டு உங்களுக்குக் காட்டச் சொல்லுங்க, அத நீங்களும் பக்கத்தில நிண்டு பாருங்க. புதுசு போட்டா முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் இழுக்க வேணாம், முதல் ஓட்டங்கள் 20, 30 கிலோமீட்டர் ஓடி ஆறவிட்டு ஓடுங்க, மறுகா ஒயில மாத்துங்க.

அக்சல் மாத்தி உயர்த்தின பிறகு ஸ்டியரிங் உதறுது, பாலன்ஸ் பண்ணியும் சரிவரல?

வெல்டர் முன் அக்சல பினியன் மேல பாக்கிற மாதிரிச் சுத்தி ஒட்டியிருப்பார், ப்ரொப்பலர் ஷாஃப்ட் குரோஸுக்கு அது நல்லம்தான். ஆனா பினியன் மேல போனா அதோட சேந்து கிங் பின் (முன் சில்லு இடம் வலம் திரும்புற முளை) சாய்வு குறையும், அந்தச் சாய்வுதான் ஸ்டியரிங்க நேராப் பிடிச்சு வைக்கிறது. சைக்கிள் முன் ஃபோர்க்க நேரா நிமித்தினா எப்பிடி இருக்கும், அப்பிடி. முதல்ல கிங் பின் பெயரிங், டை ரொட் பாருங்க, அதெல்லாம் இறுக்கமா இருந்தா சாய்வ அளவுங்க. பூச்சியத்துக்குக் கிட்ட நிண்டா ஸ்பிரிங் இருக்கைய வெட்டித் திரும்ப ஒட்டுறதுதான். அதால சொல்லுறன், முதல் நாளே முழுசா ஒட்டாம நாலு பொட்டு மட்டும் வெச்சு, நிலத்தில இறக்கி, அளந்து பாத்து மறுகா ஒட்டச் சொல்லுங்க.

பதிவுப் புத்தகம், இன்சூரன்ஸ் பிரச்சினை வருமா?

அக்சல் மாத்துறது சின்ன வேல இல்ல. செய்யிறதுக்கு முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில எழுத்தில கேளுங்க, இன்சூரன்ஸுக்கும் சொல்லுங்க. செசி நம்பர் இருக்கிற இடத்தில வெட்டு, வெல்டிங் ஒண்டும் படக்கூடாது.

ப்ரொப்பலர் ஷாஃப்ட் கோணம் நேராகட்டும் எண்டு அக்சலத் தலைகீழாப் பூட்டினா?

போன வருசம் ஒரு தம்பி இதச் செய்துட்டுத்தான் என்னட்டக் கேட்டார். பின் அக்சலத் தலைகீழாப் போட்டா கிரவுன் பினியனுக்கு மத்தப் பக்கம் வந்திடும், சில்லு எதிர்ப்பக்கம் சுத்தும். அவருக்கு பின்னுக்குப் போக நாலு கியர், முன்னுக்குப் போக ஒண்டு. ஒயில் விடுற நட்டும் இடம் மாறிப்போச்சு எண்டுதான் அவர் கவலைப்பட்டார்.